உப்பளக் கரையில் விளைந்த அறக்கல்வி

சோழவள நாட்டின் தென்கிழக்கு மூலையில், வங்கக் கடலும் பாக் நீரிணையும் கூடுமிடத்தில் அமைந்துள்ளது கோடியக்கரை. சுந்தரர் பாடிய குழகர் திருக்கோயிலாலும், கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் வரும் பூங்குழலியாலும் தமிழர் நெஞ்சில் இடம்பெற்ற ஊர் அது. காவிரி பாயும் கழனிகள் வடக்கே நின்றுவிட, இங்கே உவர்நிலமும் உப்பளமும் முட்புதர்க் காடும் தொடங்குகின்றன. அக்காட்டில் வாழும் வெளிமான்களைக் காக்கும் பொருட்டு 1967ஆம் ஆண்டில் அது சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. பதினாறாம் தீர்த்தங்கரராகிய சாந்திநாத பகவானின் இலாஞ்சனம் மான் என்பதை அறிந்த சமணக் குழந்தை, அம்மான் கூட்டத்தைக் கண்டால் இரட்டை மகிழ்ச்சி கொள்ளும்.

குழந்தைகளுக்கு அறம் எவ்வாறு ஊட்டப்பெறுகிறது என்னும் வினாவுக்கு இக்கரையின் அண்மைக்கால வரலாறு ஒரு விடையை வைத்திருக்கிறது. அவ்விடை எந்தப் பாடநூலிலும் தொடங்கவில்லை. கோடியக்கரைக்கு வடக்கே, வேதாரண்யத்தை அடுத்த அகத்தியம்பள்ளி உப்பளத்தில் அது தொடங்கியது.

1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டு அன்று, இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடைப்பயணம் புறப்பட்டனர். தஞ்சை, கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகச் சுமார் 150 மைல் நடந்து, 28ஆம் நாள் வேதாரண்யம் சேர்ந்தனர். இந்தப் பாதையைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். திருச்சிராப்பள்ளி மலையில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் உள்ளன. தஞ்சைக் கரந்தையிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் ஜினாலயங்கள் இன்றும் வழிபாட்டில் இருக்கின்றன. காவிரி நாட்டுச் சமணர் தலைமுறை தலைமுறையாக நடந்த தெருக்களை ஒட்டியே இந்த அறப்போர் சென்றது. தொடங்கிய ஊரின் பெயரிலும் முடிந்த ஊரின் பெயரிலும் 'பள்ளி' என்னும் சொல் அமைந்திருப்பது தற்செயலே. அச்சொல் வரும் ஊரெல்லாம் சமணப் பள்ளி இருந்த ஊர் என்று கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும் துறவோர் உறைவிடத்தைக் குறித்த அச்சொல்லே பின்னர்க் கல்விச்சாலைக்கும் பெயராயிற்று என்பது நினைவில் நிற்கத் தக்கது.

அந்நாள் தஞ்சை மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தவர் தார்ன் என்னும் ஆங்கிலேயர். தொண்டர்களைத் தடியால் அடிப்பதினும் அவர்களுக்குச் சோறு கிடைக்காமற் செய்வதே எளிது என்று அவர் கருதினார் போலும். அவர்களுக்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் ஆறு மாதச் சிறைக்கு உள்ளாவர் என்று எச்சரிக்கை விடுத்தார். கும்பகோணத்தில் தொண்டர்களை வரவேற்று இடமளித்த பந்துலு ஐயர் சிறை செல்ல நேர்ந்தது. இதன் பிறகு தஞ்சைத் தரணியின் சிற்றூர்மக்கள் கண்ட வழி வியப்புக்குரியது. சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. ஆற்றங்கரையில் தொண்டர்கள் இளைப்பாறிய பொழுது, உணவுப் பாத்திரங்கள் புதைத்து வைக்கப்பட்ட இடம் குறிப்பால் உணர்த்தப்பெற்றது. கொடுத்தவர் யார் என்று எவராலும் கூற இயலவில்லை.

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்று பெரியோர் கூறக் கேட்டிருக்கிறோம். இங்கே அது சட்டத்தின் அச்சுறுத்தலால் நடைமுறையாயிற்று. சமண மரபு ஆகாரதானம், ஔஷததானம், சாஸ்திரதானம், அபயதானம் எனத் தானங்களை நால்வகையாகப் பகுத்துள்ளது. சிறைக்கு அஞ்சாது சோறளித்த அம்மக்கள் முதல் தானத்தைச் செய்தனர். அஞ்சி நிற்போருக்குத் துணையாதல் என்னும் அபயதானத்தின் சாயலும் அதில் உண்டு. அவர்களுள் மிகப் பலர் இச்சொற்களை அறியாதவர்கள். அடுப்படியில் நள்ளிரவில் சோறு வடித்து இலையில் கட்டப்பெற்ற வீடுகளில் குழந்தைகளும் இருந்திருப்பர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எதற்காகச் சோறு, யாருக்காகச் சோறு, ஏன் வெளியே சொல்லலாகாது என்று அவர்கள் கேட்டிருப்பர். அவ்வினாக்களுக்குத் தாய்மார் தந்த விடைக்கு நிகரான நீதிபோதனை வகுப்பு வேறொன்று இருக்க இயலுமா?

ஏப்ரல் 30ஆம் நாள் விடியலில் அகத்தியம்பள்ளியில் உப்பு எடுக்கப்பெற்றது, இராஜாஜி சிறைப்படுத்தப்பட்டார். அந்நாள்களில் வேதாரண்யத்தில் வைரப்பன் என்னும் நாவிதர் ஒருவர், தம்மிடம் முகம் மழிக்க அமர்ந்தவர் காவலர் என்று அறிந்ததும் பாதியிலேயே கத்தியை நிறுத்திவிட்டார். வழக்கு நடுவர்முன் நிறுத்தப்பட்டபோது, எஞ்சியதை நீங்களே மழித்துவிடுங்கள் என்று கத்தியை அவரிடமே நீட்டினார் என்று ஊரார் சொல்லி வருவர். அதற்குரிய தண்டனையையும் அவர் ஏற்றுக்கொண்டார். யாரையும் துன்புறுத்தாமல், தம் கையில் இருந்த தொழிலை மட்டும் மறுத்து நின்றவர் அவர். அவருக்கு வேதாரண்யத்தில் நினைவுச்சின்னம் உண்டு.

போராட்டத்தை வேதாரண்யத்தில் முன்னின்று அமைத்தவர் அ. வேதரத்தினம் பிள்ளை (1897–1961). தாயுமானவர் மரபில் வந்த குடும்பத்தவராகவும் சைவப் பற்றாளராகவும் அறியப்பெற்றவர். 'சர்தார்' என்று மக்களால் போற்றப்பெற்றவர். சிறை சென்றார், அவருடைய சொத்துகள் பறிமுதல் செய்யப்பெற்றன. இவ்வாறு இழந்தவர் பலர் விடுதலைக்குப் பின் பதவியை நோக்கினர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. வேதரத்தினம் பிள்ளையின் நெஞ்சோ பள்ளியின்பால் சென்றது. கஸ்தூரிபா அம்மையார் 1944 பிப்ரவரியில் ஆகாகான் மாளிகைச் சிறையில் மறைந்தார். அவர் பெயரால் 1946ஆம் ஆண்டில் வேதாரண்யத்தில் கஸ்தூரிபா காந்தி கன்னியா குருகுலம் தோற்றுவிக்கப்பெற்றது. சிற்றூர்ப் பெண் குழந்தைகளுக்கும் ஆதரவற்ற சிறுமியருக்கும் உறைவிடத்தோடு கூடிய கல்வி அளிப்பது அதன் நோக்கம்.

அக்குருகுலம் காந்தியக் கல்வி நெறியைத் தழுவியது. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டிலிருந்து வளர்ந்த அந்நெறி, தமிழகத்தில் 'ஆதாரக் கல்வி' என்று வழங்கிற்று. தாய்மொழியில், கைத்தொழிலை நடுவாகக் கொண்டு கல்வி நிகழ வேண்டும் என்பது அதன் சாரம். குழந்தை நூற்கும்போது பொறுமையைக் கற்கிறது. நூல் அறுந்தால் எவர்மீதும் பழி போட இயலாது. தோட்டத்தில் நீர் பாய்ச்சும்போது, நேற்றுப் பாய்ச்சாதது இன்று இலையில் தெரிகிறது. ஒழுக்கத்துக்கெனத் தனி மணிநேரம் அதில் தேவைப்படவில்லை. பின்னாளில் நாடெங்கும் அத்திட்டம் நலிவுற்றமைக்கு, பெற்றோர் அதனை ஏழைகளுக்குரிய இரண்டாந்தரக் கல்வி என்று கருதியதும் ஒரு காரணம். கருத்துக் குறையினும் மனக்குறையே அதனை வீழ்த்தியது எனலாம்.

காந்தியடிகள் இந்நெறிக்கு வந்தடைந்த வழியில் தமிழ்க் குழந்தைகளுக்கும் பங்குண்டு. 1910ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் அவர் அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ச் சிறுவர் பலர் இருந்தனர். போப்பையர் எழுதிய தமிழ்க் கையேட்டைக் கொண்டு தாம் அரைகுறையாகக் கற்ற தமிழை அவர்களுக்கே அவர் கற்பித்தார். 1893இல் நாலடியாரை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட அதே போப்பையர்தாம் இவர். ஆசிரியர் செய்யாத எதனையும் மாணவரைச் செய்யச் சொல்லலாகாது என்பது அப்பண்ணையின் விதி. கழிவறை துப்புரவு முதல் சமையல் வரை அனைத்திலும் ஆசிரியரும் உடனிருந்தார். ஆசிரியர் கோழையாயின் மாணவர் வீரராகார். ஆசிரியர் பொய்யராயின் மாணவர் மெய்யராகார் என்னும் கருத்தைத் தம் வரலாற்றில் அவர் விரித்துரைக்கிறார்.

அடங்காத மாணவன் ஒருவனை ஒருமுறை அளவுகோலால் அடித்ததையும் அவர் மறைக்கவில்லை. அடித்த கை நடுங்கியது என்றும், அதன்பின் அவ்வழியை நாடவில்லை என்றும் பதிவு செய்துள்ளார். நம் திண்ணைப் பள்ளிகளைப் பற்றிப் பெருமை பேசுவோர் இவ்விடத்தைப் படித்தல் நன்று. அங்கே பிரம்பு ஓயாது இயங்கியது.

காந்தியடிகளின் இல்லக் கல்வியில் சமணத்தின் கைத்தடம் தெளிவாக உள்ளது. 1888ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்து செல்ல விரும்பியபோது தாயார் புத்லிபாய் தயங்கினார். அத்தயக்கத்தைப் போக்கியவர் பேசர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி. மது, மாது, புலால் மூன்றையும் தீண்டேன் என்ற விரதத்தை அவர் முன்னிலையில் ஏற்ற பின்னரே மகனைத் தாய் அனுப்பினார். இலண்டனில் அவரைக் காத்து நின்றது அவ்விரதமே. பதினெட்டு வயது இளைஞன் அதனை மதித்தமைக்குக் காரணம், கடும் நோன்புகளைத் தவறாது நோற்ற தாயைச் சிறு வயது முதலே கண்டிருந்தமையாகும். அவ்வன்னை நோன்பின் சிறப்பைச் சொல்லிக்கொண்டிருந்தவர் அல்லர், நோற்றவர்.

இனி, நம் முன்னோர் வழியை நோக்குவோம். கழுகுமலையில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழ் ஆசிரியர், மாணாக்கர் பெயர்கள் வெட்டப்பெற்றுள்ளன; குரத்தியார் எனப்பெற்ற பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அவற்றுள் உண்டு. வந்தவாசிப் பகுதியைச் சேர்ந்த வேடலில் 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆதித்த சோழன் காலத்தில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டு இன்னும் சிறப்புடையது. குணகீர்த்தி படாரரின் மாணாக்கியாராகிய கனகவீரக் குரத்தியாரிடம் பிள்ளைகள் ஐந்நூற்றுவர் இருந்தனர். அவர்களுக்கும் வேறு நானூற்றுவருக்கும் பூசல் எழுந்தது. அப்போது ஊரவர் சிலர் முன்வந்து, குரத்தியாரையும் அவருடைய பிள்ளைகளையும் காத்து உணவளிப்பது தங்கள் கடன் என்று ஏற்றுக் கல்லில் வெட்டுவித்தனர். சமணர் கல்வி வரலாற்றில் பெருமைக்குரிய இடமாக இதனைக் கூறுவர். அறம் பயிலும் இடத்திலும் பூசல் எழுந்தது என்பதை அக்கல்வெட்டு ஒளிக்கவில்லை என்பதும் கருதத்தக்கது. பூசலுக்கு நடுவிலும் பிள்ளைகளின் சோற்றுக்குப் பொறுப்பேற்றவை ஊர்க் குடும்பங்களே.

நூல்களின் பக்கம் திரும்பினால், பவணந்தி முனிவரின் நன்னூல் இலக்கணத்துக்குள் புகுமுன்னரே ஆசிரியர் யார், மாணாக்கர் யார் என்று பாயிரத்தில் வரையறுக்கிறது. நல்லாசிரியனுக்கு நிலமும் மலையும் நிறைகோலும் மலரும் உவமை. மாணாக்கருள் அன்னமும் பசுவும் போன்றவர் தலையாயோர். ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போன்றவர் கடையாயோர். ஆசிரியராகத் தகாதவர் இலக்கணத்தையும் அவர் விடவில்லை என்பதே நுட்பம். குழந்தையை மட்டும் குறை கூறிப் பழகிய நமக்கு அப்பகுதி சற்றுக் கசக்கும்.

திண்ணைப் பள்ளிகளில் சமணரான மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு, சமய வேறுபாடின்றி எல்லாச் சிறுவர் நாவிலும் பயின்றது. நாலடியாரின் நானூறு வெண்பாக்களில் நூறாவது மனப்பாடமாக இருந்த முதியோர் நம் ஊர்களில் உண்டு. அவர்கள் அவற்றைப் பேச்சிடையே எடுத்தாள்வர். பெயரன் ஏமாற்றினால் ஒரு வெண்பா, மருமகள் சலித்துக்கொண்டால் ஒரு வெண்பா. பாட்டு அவர்களுக்கு வீட்டுப் பாத்திரம்போல் புழக்கத்தில் இருந்தது.

விடுதலைக்குப் பின் அரசுகளும் இத்துறையில் கருத்துச் செலுத்தின. சென்னை மாநில ஆளுநராக இருந்த ஸ்ரீபிரகாசாவின் தலைமையில் 1959இல் அமைந்த குழுவும், 1964–66இல் கோத்தாரிக் குழுவும் பள்ளிகளில் ஒழுக்கக் கல்விக்கு நேரம் ஒதுக்கப் பரிந்துரைத்தன. 2016இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 6 முதல் 12 வரையுள்ள வகுப்புகளில் திருக்குறளைப் பாடமாக்க வழிகாட்டியது. நல்ல முயற்சிகளே. ஆனால் நீதிபோதனை வகுப்பு, பாடம் முடியாத கணக்காசிரியர் கடன் வாங்கும் நேரமாக மாறுவதையும் நாடு கண்டுவிட்டது. மதிப்பெண் வழங்கினாலோ அறமும் தேர்வுத்தாளுக்கு வெளியே வாழாத பொருளாகிவிடும்.

வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பகுதிகளின் சிற்றூர்களிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் குடிபெயர்ந்த நம் குடும்பங்களில் இன்று எழும் சிக்கல் வேறு வடிவினது. இரவுண்ணாமையை எடுத்துக்கொள்வோம். கதிரவன் சாய்வதற்குள் உண்ணுதல் வேளாண் குடும்பத்தில் இயல்பாக நிகழ்ந்தது. தாத்தா கழனியிலிருந்து திரும்பியதும் வீடே ஒன்றாக அமர்ந்தது. மாலை ஆறு மணிக்குத் தனிப்பயிற்சிக்குச் செல்லும் பிள்ளையும், ஒன்பது மணிக்கு அலுவலகத்திலிருந்து வரும் தந்தையும் உள்ள வீட்டில் அது எவ்வாறு நிகழும்? பிள்ளைக்கு மட்டும் ஐந்தரை மணிக்கு உணவிட்டு, பெரியோர் பத்து மணிக்கு உண்பது சில வீடுகளில் வழக்கமாகியுள்ளது. பிள்ளை அதிலிருந்து கற்பது, விரதம் சிறுவருக்குரியது என்னும் பாடத்தையே. வாரத்தில் ஒருநாள், அட்டமியிலோ சதுர்த்தசியிலோ, பெற்றோரும் நேரத்தோடு இல்லம் திரும்பி உடன் அமர்ந்து உண்ணும் வீடுகளும் உள்ளன. அங்கே நிகழ்வது அளவில் சிறிது. ஆனால் அணுவிரதம் என்னும் சொல்லிலேயே அச்சிறுமை அடங்கியுள்ளது.

கோடை விடுமுறையில் அறக்கட்டளைகள் நடத்தும் சமய வகுப்புகளிலும் இதே வேறுபாடு புலப்படும். பஞ்ச நமஸ்காரத்தையும் தீர்த்தங்கரர் பெயர்களையும் பிழையின்றி ஒப்பிக்கும் குழந்தைக்குப் பரிசளிக்கிறோம், அது வேண்டியதே. பந்தியில் பரிமாறவும், இலை எடுக்கவும், குடிநீர் வடிகட்டவும், ஜினாலயத்தைக் கூட்டவும் அக்குழந்தையை அழைக்கும் ஊர்கள் சிலவே. அழைத்தவிடத்தில் பெரியோரும் உடன் துடைப்பம் எடுக்கின்றனரா என்பதைக் குழந்தைகள் கூர்ந்து நோக்குகின்றனர்.

ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியில் திருச்சியிலிருந்து அகத்தியம்பள்ளி உப்பளத்துக்கு நினைவுப் பயணம் வருகிறது. 30ஆம் நாள் காலையில் நினைவுத் தூண் அருகே உப்பு அள்ளப்பெறும். கோடியக்கரைக்குச் செல்லும் நம் குடும்பங்கள் அச்சாலையிலேயே செல்கின்றன. மான்களைக் காண விரையும் வண்டியைச் சற்று நிறுத்தினால், 1930இல் மரக்கிளையில் தொங்கிய சோற்றுப் பொட்டலத்தின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அங்கே நிழலும் உண்டு.