கொள்ளைக்காரன் யார்? சீட்டைக் கேளுங்கள்

லண்டனில் பொட்டி தட்டும் நம்மவர்கள் ஒரு சனிக்கிழமை வாப்பிங் பக்கம் போய் வரலாம். தேம்ஸ் கரையில் ஆட்களை நிற்க வைத்துக் கடற்கொள்ளையர் கதை சொல்லும் வழிகாட்டிகள் உண்டு. எலப்புள்ளியில் உற்சவப் பந்தலில் கதாப்பிரசங்கம் கேட்டு வளர்ந்தவன் நான். குரலை எங்கே ஏற்றுவார்கள், எங்கே நிறுத்துவார்கள் என்று எனக்கு அத்துப்படி. கேப்டன் வில்லியம் கிட் கதையில், தூக்குக் கயிறு அறுந்து ஆள் கீழே விழும் இடத்தில் நிறுத்துவார்கள்! 1701 மே 23. மறுபடி தூக்கிலிட்டு, உடலை டில்பரியில் கூண்டிலிட்டுத் தொங்கவிட்டார்கள்.

எனக்குப் பிடித்த கட்டம் அதற்கு முன்னால் வருகிறது. 1698 ஜனவரியில் நம்ம கொச்சிக்கு அப்பால் கிட் 'குவெடா மெர்ச்சன்ட்' என்ற கப்பலைப் பிடித்தார். பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்க இங்கிலாந்து ராஜா கொடுத்த அனுமதி அவர் கையில் இருந்தது. பிடிபட்ட கப்பலிலோ பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்த சீட்டு. ஆக, சட்டப்படி சரி என்பது அவர் வாதம். ஆனால் சரக்கில் முகலாய தர்பார்ப் பிரபு ஒருவருக்கும் பங்கு இருந்தது. சூரத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வியாபாரமே ஆட்டம் கண்டது. லண்டன் விசாரணையில் அந்தச் சீட்டுகள் கோர்ட்டுக்கு வரவேயில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அரசு ஆவணங்களுக்குள்ளிருந்து கிடைத்தன! (கிட் ஒன்றும் உத்தமர் இல்லை. தன் கப்பல் ஆளையே வாளியால் அடித்துக் கொன்ற வழக்கும் உண்டு.)

இதே கடலில், இதே சீட்டு விவகாரத்தில், நூறு வருஷம் முன்பே ஒரு தலை போயிருக்கிறது. போர்ச்சுகீசியர் 'கர்த்தாஸ்' என்றொரு சீட்டு வைத்திருந்தார்கள். காசு கொடுத்து அதை வாங்காத கப்பலைப் பிடிப்பார்கள். நம் கடலில் நாம் மிளகு ஏற்றிப் போக அவர்களிடம் சீட்டு! அதை எதிர்த்துச் சாமூதிரிக்காகச் சண்டை போட்டவர்கள் குஞ்ஞாலி மரைக்காயர்கள். எங்கள் பாலக்காட்டு ஆறுகள் பாரதப்புழையாகிக் கடலில் சேரும் பொன்னானியும் அவர்கள் தளமாக இருந்த ஊர்தான். நாலாம் குஞ்ஞாலிக்கும் சாமூதிரிக்கும் பகை முற்ற, சாமூதிரியே போர்ச்சுகீசியரோடு சேர்ந்து கோட்டைக்கலை முற்றுகையிட்டார். உயிருக்கு உத்தரவாதம் தந்ததை நம்பி 1600 மார்ச்சில் குஞ்ஞாலி சரணடைந்தார். போர்ச்சுகீசியர் அவரைக் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டி, அந்தத் தலையைக் கண்ணூரில் காட்சிக்கு வைத்தார்கள்.

அவர்கள் ஏட்டில் அவர் கடற்கொள்ளையர். இன்று மும்பையில் இந்தியக் கடற்படைத் தளம் ஒன்றின் பெயர் ஐ.என்.எஸ். குஞ்ஞாலி.

ஒருவனைக் கொள்ளைக்காரன் ஆக்கியது அவன் செய்த காரியம் மட்டும் இல்லை; சீட்டு எழுதும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதும்தான். அடுத்த முறை யாராவது கடற்கொள்ளையர் கதை சொன்னால் ரசித்துக் கேளுங்கள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்தக் கடலில் சீட்டு கொடுக்க இவர்கள் யார்?"