பள்ளிக்கூடம் நின்ற இடம்



செல்பேசி வரைபடத்தில் புள்ளியைக் குறித்து, ஒளித்துவைத்த பெட்டியைத் தேடும் விளையாட்டை உங்கள் பிள்ளைகள் அறிந்திருக்கலாம். அவர்களை நம் வேப்பனப்பள்ளிப் பக்கத்து ஊர்களில் பழைய பள்ளிகளைத் தேடச் சொல்லுங்கள்.

சென்னை மாகாணத்தில் பொதுப் பள்ளிகள் பல அக்கிரகாரத்திலும் கோயிலையொட்டியும் நடந்தன. ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகள் அத்தெருவுக்குள் நுழையவே இயலாது. ஆகவே 1920-களில் தொழிலாளர் துறை சேரிகளிலேயே தனிப் பள்ளிகளைத் திறந்தது. ‘லேபர் ஸ்கூல்’ என்பார்கள். அவற்றின் வழிவந்தவையே இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள்.

இதைப் பிறர் குற்றமாகப் பேச நமக்கு வாயில்லை. சபைகளில் சாதி ஒழியவேண்டுமென்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் எழுதியபோது, தஞ்சையில் பலர் சாதியை விடாமல் சபையை விட்டார்கள்.

பிள்ளைகள் அப்படியொரு பள்ளியைக் கண்டால், ஊர்ப் பள்ளியிலிருந்து அது எவ்வளவு தூரம் என்றும் குறித்து வரட்டும்.