அரசு அலுவலகக் கணினிகளில் தமிழ்: ஒருமை வேண்டுவது எதில்?

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட்99 மாநாட்டை அடுத்து, தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளையும் தரங்களாக அறிவித்த தமிழ்நாட்டு அரசு, 2010 ஜூன் 23ஆம் நாள், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய அன்றே, யூனிகோடையும், அது இயங்காத இடங்களுக்கு டேஸ்16 என்னும் முறையையும் தரங்களாக ஏற்றது. ஆணைக்குக் குறைவில்லை, எனினும் அதன் பின்னரும் நெடுநாள் வானவில் முதலிய பழைய எழுத்துருக்களே பல காரியாலயங்களில் ஆட்சி செய்தன. இதற்கு ஊழியரின் சோம்பலே காரணம் என்பாருடைய அபிப்பிராயம் எனக்கு உடன்பாடன்று.

பழைய எழுத்துரு முறையில் கணினி சேமிப்பவை ரோமன் எழுத்துகளுக்கும் பிற குறிகளுக்கும் உரிய எண்களே. தமிழ் என்பது அவற்றின்மேல் எழுத்துரு போர்த்தும் தோற்றம் மாத்திரமே. ஆகவே தாலுகா அலுவலகத்தில் தட்டச்சான சுற்றறிக்கையை அவ்வெழுத்துரு இல்லாத ஆட்சியரகக் கணினியில் திறந்தால், பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியலே கண்ணிற்படும். ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் எனத் தோற்ற வரிசையிலேயே பதிவாவதால், ‘கொடுமுடி’ அகரவரிசையில் ககரத்தின்கீழ் வாராமல் கொம்பின்கீழ்ப் போய் நிற்கும். யூனிகோடிலோ ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக அமைதலின் இச்சங்கடம் இல்லை.

இனித் தட்டச்சரின் நியாயத்தைக் கேட்போம். அரசுத் தட்டச்சுப் பரீட்சையில் தேறியவருக்கே அப்பதவி. பரீட்சையோ நெடுங்காலம் தட்டச்சுப்பொறியில்தான் நடந்தது. உயிர்களை இடக்கைக்கும் மெய்களைப் பெரும்பாலும் வலக்கைக்கும் வகுத்து, ‘ம’ இருமுறை வரின் முன்னதற்குத் தானே புள்ளியிடும் தமிழ்99 சிறந்த அமைப்பே என்பதில் ஐயமில்லை. ஆனால் பரீட்சை ஒன்றும் பணி வேறொன்றும் கேட்டால், விரல் பழகியதையே நாடும். விசை அமைப்பும் எழுத்துருவும் குறியீடும் ஒரே பொதியாக வந்தமையால், தம் விரற்பழக்கத்தைக் காக்க முயன்றவர், தாம் அறியாமலே பழைய குறியீட்டையும் காத்துவிட்டார். 1999இன் அறிவிப்பும், விசையையும் குறியீட்டையும் சேர்த்தே வகுத்ததால், இம்மயக்கத்தைத் தெளிவிக்கவில்லை.

விசை பலவாயினும் கேடில்லை. தட்டச்சுப்பொறி அமைப்பிலேயே யூனிகோடில் எழுதும் மென்பொருள்கள் இன்று உண்டு. ஒருமை வேண்டுவது சேமிப்பில். அங்கேயும் இரு தரங்களை நிறுத்தியது அரசின் தயக்கத்தையே காட்டுகிறது. டேஸ்16, யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அமைந்ததாகலின், அதனை அறியாத கணினியில் வெற்றுக் கட்டங்களாகவே தோன்றும்.

நிர்வாகம் மேற்பார்க்க வேண்டிய இடமும் தட்டச்சரின் மேஜையன்று, கோப்பு ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்குள் நுழையும் வாயிலே. யூனிகோடில் அமையாத கோப்பைத் தபால் பிரிவு ஏற்காமல் திருப்பி அனுப்புமாயின், மாற்றித் தரும் பொறுப்பு அனுப்பியவரையே சாரும். அதற்கு வேண்டிய எழுத்துரு மாற்றிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன.