உதகமண்டலம்

உதகமண்டலம் நீலகிரி மாவட்டத்தின் தலைநகர். உதகை, ஊட்டி என்றும் வழங்கும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், நீலகிரி மேட்டுநிலத்தின் நடுவே அமைந்துள்ளது. நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் குடியிருப்புக்கு ‘மந்து’ என்று பெயர். ஊர்ப்பெயரின் ‘மண்டலம்’ என்னும் ஈறு இச்சொல்லின் திரிபு என்று கருதப்படுகிறது.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடியினர் நீலகிரியில் வாழ்கின்றனர். தோடர்கள் எருமை வளர்ப்போர். சுமார் 2,000 பேரே உள்ளனர். அவர்களின் மொழி எழுத்து வடிவம் இல்லாத திராவிட மொழி. மூங்கில், பிரம்பு, புல் ஆகியவற்றால் ஆன அவர்களின் மரபு வீடு அரைவட்டக் கூரை உடையது. அதன் சிறு வாயிலில் தவழ்ந்தே நுழைய வேண்டும். வெண்பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் தோடர் பெண்கள் செய்யும் பூத்தையல் 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. கோத்தர்கள் மட்பாண்டம், இரும்புவேலை, இசை ஆகியவற்றில் தேர்ந்தவர்கள். மேட்டுநிலத்தின் பெரிய உழவர் சமூகமான படுகர்கள் டிசம்பர்–ஜனவரியில் ஹெத்தையம்மன் பண்டிகையைக் கொண்டாடுகின்றனர்.

கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு வந்தார். பின்னர் தோடர்களிடம் நிலம் வாங்கிக் கல் பங்களாவைக் கட்டினார். உதகை ஏரியும் அவர் முயற்சியில் உருவானது. சென்னை மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகராக ஊர் வளர்ந்தது. எருமைகள் மேய்ந்த புல்வெளிகளில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டங்களாகவும் தைலமர, சீகை மரக் காடுகளாகவும் மாறியது. பழைய புல்வெளியும் சோலைக்காடும் இன்று முக்கூர்த்தி தேசியப் பூங்கா போன்ற இடங்களில் எஞ்சியுள்ளன. வரையாடுகள் அங்கு வாழ்கின்றன.

மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் 46 கி.மீ. நீள மலைரயில் பாதை 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டியது. கல்லாறு முதல் குன்னூர் வரையிலான செங்குத்தான ஏற்றத்தில், தண்டவாளங்களின் நடுவே உள்ள பற்களைப் பற்றி எஞ்சின் ஏறுகிறது. 2005இல் யுனெஸ்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1848இல் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்காவில் சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரம் உள்ளது. பூங்காவின் மேற்புறச் சரிவில் தோடர் மந்து ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரங்களுள் ஒன்றான தொட்டபெட்டா (2,637 மீட்டர்) நகருக்கு அருகில் உள்ளது.

ஏப்ரல், மே மாதங்களில் பயணிகள் மிகுதி. மலர்க் கண்காட்சி மே மாதத்தில் நடைபெறும். ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கும். அப்போது மலைப்பாதைகளில் மண்சரிவு ஏற்படுவதுண்டு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும். தோடர் கோயில்களுக்குள் பூசாரி தவிரப் பிறர் நுழைவதில்லை. மந்துகளுக்குச் செல்வோர் குடியிருப்போரின் அனுமதி பெற்றே வீடுகளை அணுகுவதும் படமெடுப்பதும் முறை. மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உள்ளது. நெரிசலைக் கட்டுப்படுத்த, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது.