கொடிக்கருக்கும் அன்னமும்

கல்வராயன் மலையடிவாரத்தை அடுத்த கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டாரங்களிலும், அவற்றுக்கு வடகிழக்கே தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவிலூரிலும் மரச்சிற்பத்தையே ஜீவனமாகக் கொண்ட குடும்பங்கள், வாகை, பூவரசு, தேக்கு முதலிய மரங்களில் தெய்வ ஸ்வரூபங்களைச் செதுக்குங்கால், அவற்றைச் சூழத் தாமரையும் கொடியும் மயிலும் அன்னமும் அமைப்பதை ஒரு சம்பிரதாயமாகவே போற்றி வந்திருக்கின்றன.

ஜப்பானிய ஓவியர் ஓகாட்டா கோரின், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பொற்றகடு வேய்ந்த மடிப்புத் திரைகளில் மனிதனோ தெய்வமோ இன்றி ஐரிஸ் மலர்களை மட்டுமே நிறுத்தினார். நம் சிற்பிக்கோ இயற்கை என்பது தெய்வத்தின் பரிவாரம். ஆயினும், மூர்த்தியின் அங்க லட்சணங்களைச் சிற்ப சாஸ்திரம் அளந்து கட்டிவிட்ட நிலையில், கைக்குச் சற்றே சுதந்திரம் கிடைத்த இடம் இந்த ஓரங்களே என்று எனக்குத் தோன்றுகிறது. அன்னத்தின் தோகை இறகாகத் தொடங்கி, எவ்விடத்தில் மாறிற்று என்று சொல்ல இயலாதபடி இலையாகி, சுருள்சுருளாகக் கொடிக்கருக்காய்ப் படர்ந்து பலகையின் விளிம்புவரை நிறைகிறதே, அந்த ரசவாதத்தைக் காண்பதற்காகவே, மூலவிக்ரகத்தைக்கூட ஒரு கணம் மறந்து, (அபசாரமாயினும்) தேர்த்தட்டின் அருகே நிற்கலாம்.

2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2021இல் இச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.