உத்திரமேரூர் கல்வெட்டும் உங்க அப்ரைசலும்: சரியில்லாதவரை வெளியேற்றலாம், நல்லவரை எப்படி வெச்சுக்கறது?

இந்த எபிசோடைப் பதிவு பண்ற நேரம் நம்மள்ல நிறைய பேருக்கு அப்ரைசல் சீசன். செல்ஃப் ரேட்டிங் போட்டாச்சு, மேனேஜர் கூட மீட்டிங் முடிஞ்சாச்சு, இனி மெயில் வர வேண்டியதுதான் பாக்கி. அதனால இந்த வாரம் ஒரு பழைய கேள்வி. ஒரு இடத்துல சரியா வேலை செய்யாதவங்களை என்ன பண்றது? நல்லா செய்யறவங்களை எப்படி வெச்சுக்கறது? ரெண்டும் ஒரே கேள்வி மாதிரி தெரியும். ஆனா ரெண்டுக்கும் பதில் வேற வேறன்னு நம்ம ஊர்க் கல்வெட்டுகளைப் பார்த்தா புரியுது.

காஞ்சிபுரத்துலேர்ந்து கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கு உத்திரமேரூர். அங்க வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல ரெண்டு கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழனோட 12வது ஆட்சியாண்டுல, அதாவது கி.பி. 919ல ஒண்ணு. 14வது ஆட்சியாண்டுல, 921ல இன்னொண்ணு. "ஆயிரம் வருஷம் முன்னாடியே தமிழன் தேர்தல் நடத்தினான்"னு வாட்ஸ்அப்ல வருமே, அந்தக் குடவோலை கல்வெட்டுதான் இது. ஆனா அதைத் தேர்தலா மட்டும் பார்க்காம, வேலைக்கு ஆள் எடுக்கற விதிமுறைப் புத்தகமா படிச்சுப் பாருங்க. வேற விஷயங்கள் கண்ணுல படும்.

ஊரை நடத்தறதும் ஒரு சர்வீஸ்தான்

அப்போ அந்த ஊரை நடத்தினது மகாசபை. சபைக்குக் கீழ வாரியங்கள் இருந்தது. இன்னைக்கு நாம மின்சார வாரியம், குடிநீர் வாரியம்னு சொல்றோமே, அதே வார்த்தை. ஏரி வாரியம் ஏரியைப் பார்த்துக்கணும். உத்திரமேரூர்ல வைரமேகத் தடாகம்னு பெரிய ஏரி இருக்கு. அதைத் தூர்வாராம விட்டா அடுத்த போகம் அடி வாங்கும். தோட்ட வாரியம் தோட்டங்களைப் பார்க்கும். பொன் வாரியத்துக்குப் பொன் சம்பந்தமான பொறுப்பு. எல்லாத்துக்கும் மேல சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம்.

ஊர் 30 குடும்பா பிரிஞ்சிருந்தது. குடும்புன்னா வார்டுன்னு வெச்சுக்கோங்க. ஒவ்வொரு குடும்புலயும் தகுதி உள்ளவங்க பேரை ஓலைல எழுதி, குடத்துல போட்டு, விவரம் அறியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வாங்க. எடுத்த ஓலையை வாங்கற மத்தியஸ்தன் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும்னு கூட விதி இருக்கு. கைக்குள்ள வேற ஓலை ஒளிச்சு வெச்சிடக் கூடாதுல்ல! அவர் வாசிச்சதும், அங்க இருக்கற நம்பிமார் எல்லாரும் அதைத் திரும்ப வாசிக்கணும்.

இப்படி 30 பேர் வருவாங்க. அதுல 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். 360 நாள் முடிஞ்சதும் எல்லாரும் இறங்கிடணும்.

யாரை உள்ள விடக் கூடாது?

இங்கதான் நம்ம கேள்விக்கு முதல் பதில் வருது. பேரை ஓலைல எழுதவே தகுதி வேணும். வரி கட்டற நிலம் கால் வேலிக்கு மேல இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், வேதம் படிச்சிருக்கணும். கூடவே காரியத்துல கெட்டிக்காரரா இருக்கணும், நேர் வழியில சம்பாதிச்சவரா இருக்கணும், போன 3 வருஷத்துல எந்த வாரியத்துலயும் இருந்திருக்கக் கூடாது.

அப்புறம் தகுதியிழப்புப் பட்டியல். திருட்டு, பொய்யாவணம், பெரும் பாவங்கள்னு நீளமா போகும். எனக்கு முக்கியமா படறது இதுதான்: முன்னாடி வாரியத்துல இருந்து கணக்கு காட்டாம போனவர் பேரைத் திரும்ப எழுதக் கூடாது. அவர் மட்டும் இல்லை. அப்பா, மகன், கூடப் பிறந்தவன், மாமனார், மருமகன், மைத்துனன், சித்தி பெரியம்மா பிள்ளைங்க, அத்தை மாமா பிள்ளைங்கன்னு உறவு முறை சொல்லிச் சொல்லி எல்லார் பேரையும் தடுக்குது.

கேக்க அநியாயமா இருக்கும். ஒருத்தர் கணக்கு காட்டலைன்னா மச்சான் என்ன பண்ணுவாரு? என் பார்வையில இது தண்டனைங்கறதை விட ஓட்டையை அடைக்கிற வேலை. "நான்தானே நிக்கக் கூடாது, என் மருமகன் நிக்கட்டும்"னு பின்வாசல் வழியா வர்ற கதை நமக்குத் தெரியாததா?

கணக்கு எழுதறவருக்குத் தனி விதி. அவர் எழுதின கணக்கைப் பெரியவங்க முன்னாடி காட்டி, சுத்தம்னு பேர் வாங்கற வரைக்கும் அடுத்த கணக்கு வேலை அவருக்குக் கிடையாது. முக்கியமா, தான் எழுதின கணக்கைத் தானே வந்து காட்டணும். வேற கணக்கர் வந்து அதை முடிச்சு வைக்க முடியாது. ஒருத்தர் எழுதின கோடை இன்னொருத்தர் தலையில கட்டிட்டு வேற ப்ராஜெக்ட்டுக்குத் தாவறதைப் பார்த்தவங்களுக்கு இந்த விதியோட அருமை புரியும்.

பதவியில இருக்கும்போதே ஒருத்தர் குற்றம் செஞ்சது தெரிஞ்சா, 360 நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. உடனே நீக்கிடலாம்.

ரெண்டே வருஷத்துல வெர்ஷன் 2

ஏன் ரெண்டு கல்வெட்டு? 919ல ஒரு விதிமுறை போட்டாங்க. 921ல அரசன்கிட்ட இருந்து மறுபடி ஓலை வந்து, ஒரு அதிகாரி வந்து கூட உக்காந்து, சபை அதைத் திருத்தி எழுதுச்சு. முதல் விதியில வயசு 30லேர்ந்து 60. ரெண்டாவதுல 35லேர்ந்து 70. தகுதியும் தடையும் இன்னும் விரிவாச்சு. கெட்டவங்க ஒழியணும், நல்லவங்க தழைக்கணும், அதுக்குத்தான் இந்த ஏற்பாடுன்னு ரெண்டாவது கல்வெட்டே காரணமும் சொல்லுது.

இதை இன்னைய ஆஃபீஸோட ஒப்பிட்டுப் பாருங்க. 1981லேர்ந்து 2001 வரைக்கும் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியை நடத்தின ஜாக் வெல்ச், ஊழியர்களை மேல 20 சதவீதம், நடுவுல 70, கீழ 10னு பிரிச்சார். கீழ இருக்கற 10 சதவீதம் வெளியே போகணும். உலகம் முழுக்க கம்பெனிகள் இதைக் காப்பி அடிச்சது. நம்ம ஊர் ஐடி ஆளுங்க பெல் கர்வ்னு திட்டறது இந்த வம்சத்தைத்தான். மைக்ரோசாஃப்ட் இதே மாதிரி ஒரு முறையை வெச்சிருந்து, 2013 நவம்பர்ல கைவிட்டுச்சு.

உத்திரமேரூர் விதியில அப்படி ஒரு கோட்டா இல்லை. "30 குடும்புல வருஷத்துக்கு 3 பேர் மோசம்னு காட்டியே ஆகணும்"னு யாரும் சொல்லலை. ஒருத்தரை இன்னொருத்தர் பக்கத்துல நிறுத்தி மார்க் போடவும் இல்லை. கணக்கு காட்டினியா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. 30 பேரும் காட்டினா 30 பேருமே சுத்தம். இந்த வரையறை முன்கூட்டியே கோயில் சுவர்ல கல்லுல வெட்டி இருக்கு. மீட்டிங் ரூம்ல கடைசி நேரத்துல மாறாது. பெல் கர்வ்ல பக்கத்து சீட் ஆள் நல்லா செஞ்சா உங்களுக்குக் கெடுதல். இங்க அந்தப் பகையே கிடையாது.

ஆனா நல்லவருக்கு என்ன கிடைச்சுது?

இப்போ மறுபக்கம். ஒருத்தர் ஏரி வாரியத்துல பிரமாதமா வேலை பார்க்கறார்னு வெச்சுக்குவோம். 360 நாள் முடிஞ்சதும் அவரும் இறங்கணும், அப்புறம் 3 வருஷம் பக்கத்துலயே வர முடியாது. அதுக்கப்புறமும் ஓலை வர்றது அதிர்ஷ்டம். ஒரே ஒரு ஏணி இருந்தது. குடத்துல வந்த 30 பேர்ல, தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் முன்னாடி பார்த்தவங்க, படிச்சவங்க, வயசுல பெரியவங்களைத்தான் ஆண்டு வாரியத்துக்கு எடுப்பாங்க. கீழ வேலை கத்துக்கிட்டவருக்கு மேல இடம். நல்ல யோசனைதான், ஆனா அதுக்கும் முதல்ல குடம் கை கொடுக்கணும்.

இன்னொண்ணையும் சொல்லியே ஆகணும். இது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊரோட சபை. நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்கள்தான் இந்த ஓலைல வர முடியும். ஏரியில இறங்கி மண் வெட்டினவங்களுக்கும் உழுதவங்களுக்கும் அந்தக் குடத்துல இடம் இல்லை. அதனால இது மேனேஜர்களுக்கான விதிப் புத்தகம்தான், தொழிலாளிகளுக்கானது இல்லை. பெருமைப்படறவங்க இதையும் சேர்த்துப் படிக்கணும்.

அப்போ வேலை செய்யறவங்களுக்கான ஏற்பாட்டை எங்க பார்க்கறது? அதுக்குக் காஞ்சிபுரம் பக்கத்துலேர்ந்து தஞ்சாவூருக்குப் போகணும், கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டும் தாண்டணும்.

பங்கு, வீடு, பேர்

தஞ்சைப் பெரிய கோயில்ல ராஜராஜனோட 29வது ஆட்சியாண்டைச் சேர்ந்த, அதாவது 1014 வாக்குல வந்த ஒரு நீளமான கல்வெட்டு இருக்கு. சோழ நாடு முழுக்க பல கோயில்கள்லேர்ந்து 400 தளிச்சேரிப் பெண்களைக் கொண்டுவந்து தஞ்சாவூர்ல குடியமர்த்தின பட்டியல் அது. ஒவ்வொருத்தர் பேரும், எந்த ஊர்க் கோயில்லேர்ந்து வந்தாங்கன்னும், எந்தத் தெருவுல எத்தனாவது வீடுன்னும் கல்லுல இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்குன்னா வருஷத்துக்கு 100 கலம் நெல்.

பெண்களோட முடியலை. நட்டுவனார், பாடறவங்க, வாசிக்கறவங்க, கணக்கர், தையல்காரர், தச்சர், வண்ணார், நாவிதர்னு கோயிலுக்கு வேலை செய்யற எல்லாருக்கும் பங்கு உண்டு. நட்டுவனாருக்கு 2 பங்கு, மத்தவங்களுக்கு வேலைக்கு ஏத்தபடி கூடக் குறைய. பெரிய கோயிலை ஒரு சர்வீஸ் கம்பெனியா நினைச்சா, இது அதோட பே-ரோல்.

பங்குதாரர் இறந்துட்டா, இல்லை ஊரை விட்டுப் போயிட்டா? நெருங்கின சொந்தக்காரர் அந்தப் பங்கை வாங்கிக்கிட்டு அதே வேலையைச் செய்யலாம். ஆனா அவருக்கு அந்த வேலை தெரியலைன்னா, தெரிஞ்ச இன்னொருத்தரை வெச்சுச் செய்யணும். சொந்தமே இல்லைன்னா, அதே வேலை பார்க்கற மத்தவங்க கூடித் தகுதியான ஆளைத் தேர்ந்தெடுக்கணும்.

கொஞ்சம் நிதானமா யோசிச்சா இது எவ்வளவு நுணுக்கம்னு தெரியும். குடும்பத்துக்கு உத்தரவாதம் உண்டு, ஆனா தகுதியில்லாத ஆள் உள்ள வர முடியாது. ஆட்டம் தெரிஞ்சவங்களே ஆடறவங்களை எடுக்கறாங்க. ராஜா ஆணை போட்டுக் கொண்டுவந்த ஆட்கள் இவங்க, அதனால இதைச் சுதந்திரமான வேலைச் சந்தைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நல்ல கலைஞரை ஒரு இடத்துல நிலையா வெச்சுக்க என்ன வேணும்னு அந்த நிர்வாகத்துக்குத் தெரிஞ்சிருந்தது. நிச்சயமான வருமானம், இருக்க வீடு, சுவர்ல பேர், தனக்கப்புறம் என்ன ஆகும்ங்கற பயம் இல்லாத நிலை.

மூணாவது வழி: முன்பணம்

இப்போ திரும்பக் காஞ்சிபுரம். 18ஆம் நூற்றாண்டு. நெசவாளர்களுக்கு வியாபாரிகள் முன்பணம் கொடுத்துத் துணி வாங்கின காலம். அந்த ஏற்பாட்டுல ஒரு விசேஷம் உண்டுன்னு வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி காட்டறார். தென்னிந்திய நெசவாளர் வாங்கின முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு எப்போ வேணா ஒப்பந்தத்தை முறிச்சுக்கலாம். கூலி பிடிக்கலையா, அடுத்த வியாபாரிகிட்ட போகலாம். அதனால நல்ல கைக்கு எப்பவும் மவுசு.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதி 1763ல ஜாகீரா ஆங்கிலேயக் கம்பெனி கைக்குப் போச்சு. அந்த நூற்றாண்டோட கடைசிப் பகுதியில கம்பெனி தென்னிந்திய நெசவு ஊர்கள்ல இந்தச் சுதந்திரத்தை நெரிக்க ஆரம்பிச்சுது. எங்களுக்கு நெஞ்சுட்டு மத்தவங்களுக்கு நெய்யக் கூடாதுன்னாங்க. மேல சேவகர்களை வெச்சுக் கண்காணிச்சாங்க. துணியைத் தரம் பிரிச்சு, மட்டம்னு சொல்லி விலையைக் குறைச்சாங்க. தரத்தை முடிவு பண்றதும் விலை கொடுக்கறதும் ஒரே ஆள். ரேட்டிங் போடறவரே பட்ஜெட்டையும் வெச்சிருந்தா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?

நல்லவரை வெச்சுக்க இதுவும் ஒரு வழி: போகற கதவை மூடறது. இதோட சொந்தக்காரங்கதான் ரெண்டு வருஷ பாண்ட், ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கிப் பூட்டி வைக்கறது, 90 நாள் நோட்டீஸ் எல்லாம். ஆள் இருப்பார், மனசு இருக்காது.

இதுலேர்ந்து என்ன எடுத்துக்கலாம்?

மூணு ஏற்பாட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. உத்திரமேரூர் சரியில்லாதவரைத் தடுக்கத் தெளிவான, நியாயமான வழி வெச்சிருந்தது. தஞ்சாவூர் நல்லவரை நிறுத்தி வைக்கத் தெரிஞ்சிருந்தது. கம்பெனி ரெண்டையும் குழப்பி, மார்க் போடறதையும் பயமுறுத்தறதையுமே நிர்வாகம்னு நினைச்சுது.

நம்ம ஆஃபீஸ்கள் பண்ற தப்பும் பெரும்பாலும் இதுதான்னு நினைக்கறேன். மோசமான 10 சதவீதத்தை அனுப்பிட்டா மீதி 90 சதவீதம் தானா உற்சாகமா ஆயிடும்னு ஒரு நம்பிக்கை. ஆகாது. பக்கத்து நாற்காலி காலியானதைப் பார்த்தவர் நல்லா வேலை செய்ய மாட்டார், ரெஸ்யூமை அப்டேட் பண்ணுவார்.

டீம் லீடா இருக்கறவங்க யாராவது இதைக் கேட்டுட்டு இருந்தா, அடுத்த ரிவ்யூவுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேட்டுக்கோங்க. எதுக்காக ஒருத்தரை வேண்டாம்னு சொல்லுவீங்கங்கறது வருஷம் ஆரம்பிக்கும்போதே அவருக்குத் தெரியுமா? நல்லா செய்யற ஆளுக்கு, அடுத்த வருஷமும் இங்கயே இருக்கணும்னு தோண நீங்க என்ன வெச்சிருக்கீங்க? முதல் கேள்விக்கு மட்டும் பதில் இருந்தா வேலை பாதிதான் முடிஞ்சிருக்கு.

வார இறுதியில காஞ்சிபுரம் போனா, பட்டுக் கடை முடிச்சுட்டு ஒரு எட்டு உத்திரமேரூருக்கும் போயிட்டு வாங்க. அந்தச் சுவர் இன்னும் இருக்கு. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.