புத்தளம் கரையோரத்தில் இஸ்லாமும் அயல் சமயங்களும்

இலங்கையின் வடமேல் மாகாணத்தில் வென்னப்புவ, சிலாபம் தொடங்கி வடக்கே கற்பிட்டிக் குடாநாடு வரை நீளும் இக்கரையில் பௌத்தரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் இந்துக்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர். புத்தளம் நகரிலும் கற்பிட்டியிலும் முஸ்லிம்கள் மிகுதி. சிலாபத்துக்குத் தெற்கே கத்தோலிக்கர் மிகுதி. உடப்பு திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பும் தலவில புனித அன்னாள் திருவிழாவும் நாடறிந்தவை.

இஸ்லாம் இங்கே படையோடு வரவில்லை, கடல் வணிகத்தோடு வந்தது. 1344இல் இக்கரையில் இறங்கிய மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, மலை உச்சியிலுள்ள ஆதம் நபியின் பாதச்சுவட்டைக் காண விரும்பினார். இந்து மன்னனான ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும், துணைக்கு நான்கு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும் கொடுத்தனுப்பினான். அந்த மலை பௌத்தர்களுக்கு ஸ்ரீபாதம், சைவர்களுக்குச் சிவனொளிபாதம்.

ஐரோப்பியர் வருகை இந்த இணக்கத்தைக் குலைத்தது. போர்த்துக்கேயர் முன்னேஸ்வரம் கோயிலை இடித்தனர். 1626இல் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். துரத்தப்பட்டவர்களைக் கண்டி மன்னன் செனரத் ஏற்றுக்கொண்டான். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கியபோது ஜோசப் வாஸ் அடிகள் 1690இல் புத்தளத்துக்கு வந்து பணியாற்றினார். முன்னேஸ்வரத்தை 1753இல் மீண்டும் எழுப்பியவன் பௌத்தத்தைப் புரந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்.

இஸ்லாத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் இடையே கொள்கை வேறுபாடு உண்மையானது. குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் இயேசுவின் தாய் மர்யமின் பெயரைத் தாங்குகிறது. ஈஸா (இயேசு) இஸ்லாத்தில் மதிப்புக்குரிய நபி. ஆனால் அவர் இறைமகன் என்பதையும் சிலுவையில் இறந்தார் என்பதையும் இஸ்லாம் ஏற்பதில்லை. எனினும் இக்கரையில் இரத்தம் சிந்திய நிகழ்வுகளை இந்த வேறுபாட்டைக் கொண்டு விளக்க முயல்வது வீண். 1976 பெப்ரவரி 2ஆம் திகதி புத்தளம் பெரிய பள்ளிவாசலுக்குள் ஏழு முஸ்லிம்களைச் சுட்டுக் கொன்றது பொலிஸ். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை வெளியேற்றினர். விரட்டியவர்களும் விரட்டப்பட்டவர்களும் ஒரே தாய்மொழி பேசியவர்கள். மன்னாரிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரைக்கு வந்தனர். புத்தளத்தார் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோட்டங்களையும் திறந்துவிட்டனர். ஆண்டுகள் நீள நீள, தண்ணீர், காணி, வேலை, வாக்குரிமை தொடர்பாக ஊராருக்கும் அகதிகளுக்கும் இடையே உரசல் வந்தது. இரு தரப்பாரும் தொழுதது ஒரே திசை நோக்கித்தான்.

2019 ஜனவரியில் வண்ணாத்திவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் வெடிபொருட்கள் பிடிபட்டன. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, அவற்றைப் பதுக்கிய இஸ்லாமியத் தீவிரவாதக் கும்பல் தேவாலயங்களையும் விடுதிகளையும் தாக்கியது. மாவட்ட எல்லைக்குத் தெற்கே நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கொன்றவர்கள் மதத்தின் பெயராலேயே கொன்றார்கள். இதை மழுப்பக் கூடாது. முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் அமைப்பான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா கொலையாளிகளின் உடல்களை ஏற்க மறுத்தது. கர்தினால் மல்கம் ரஞ்சித், பழிவாங்க வேண்டாம் என்று கத்தோலிக்கரைக் கேட்டுக்கொண்டார்.

மே 12இல் சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வணிகர் முகநூலில் இட்ட பதில் மிரட்டலாகப் படிக்கப்பட்டது. அவர் கைதான பின்னும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மறுநாள் வன்முறை குளியாப்பிட்டி, ஹெட்டிபொல பக்கம் பரவியது. நாத்தாண்டியாவை அடுத்த கொட்டராமுல்லவில் ஒரு முஸ்லிம் தச்சுத் தொழிலாளி வெட்டிக் கொல்லப்பட்டார். குண்டு வைத்தவர்களோடு அவருக்கு எந்தத் தொடர்பும் இல்லை.